செல்லங்களும் கேமராவும் – 7: முகம் திருப்பும் நாய்

கண்ணோடு கண் வைத்து முறைப்பது நாய்களுக்குள் சண்டைக்கான அழைப்பு. நாய்களின் கேமரா பயத்துக்குப் பெரும்பாலும் இதுவே மூலம். பழகிய முகம் ஒரு கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இமைக்காத ஒரு கண்ணாடி வட்டம் நேருக்கு நேர் நெருங்கி வருகிறது. பிடித்திருப்பவரோ மூச்சை அடக்கி அசையாமல் நிற்கிறார். போதாக்குறைக்கு ஷட்டர் சத்தம், ஃபிளாஷ் வெளிச்சம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு எட்டாத லென்ஸ் மோட்டாரின் முனகல்கூட அதன் காதில் விழலாம்.

பயம் ஓட்டமாகவோ உறுமலாகவோ மாறுவதற்கு முன்பே உடம்பில் தெரிந்துவிடும். எதிரில் தீனி இல்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, காதைப் பின்னுக்கு ஒட்டிக்கொள்வது, தலையைத் திருப்பியபடி விழிவெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ரூகோஸ் இத்தகைய சைகைகளைத் தொகுத்து, தன்னையும் எதிரில் இருப்பவரையும் அமைதிப்படுத்த நாய் செய்பவை இவை என்று விளக்கினார். ‘கொட்டாவி விடும் செல்லம்’ என்று வீடுகளில் ரசிக்கப்படும் படங்களில் சில, உண்மையில் தவிப்பின் படங்களே.

இந்தப் பயத்தைப் போக்கும் வழி, கேமராவுக்கும் தீனிக்கும் முடிச்சுப் போடுவதுதான். முதலில் கேமரா தரையில் இருக்கட்டும். நாய் தானாக வந்து மோந்து பார்த்ததும், உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கிடைக்க வேண்டும். அடுத்து கேமராவைக் கையில் எடுத்ததும் ஒன்று, மார்பு வரை தூக்கியதும் ஒன்று, கண்ணில் வைத்ததும் ஒன்று. ஷட்டர் சத்தம் கடைசியில்தான், அதுவும் தள்ளி நின்று. வரிசை மாறக் கூடாது: முன்னால் கேமரா, பின்னால் தீனி. தீனியைக் காட்டி வரவழைத்துவிட்டுக் கேமராவை நீட்டினால், பிறகு தீனியைக் கண்டாலே நாய் சந்தேகப்படும். எந்தக் கட்டத்தில் தயங்குகிறதோ, அதற்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்கு ஓரிரு நிமிடம் போதும். கழுத்துப்பட்டையைப் பிடித்து உட்காரவைத்து எடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. பழக்கியதெல்லாம் அதில் வீணாகிவிடும்.

படம் எடுப்பவர் தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்காருவது நல்லது. குனிந்து நிற்கும் மனிதர் நாய்க்கு மிரட்டலாகத் தெரிவார். நாயின் கண்மட்டத்திலிருந்து எடுத்தால் படமும் அழகாக அமையும். 70–200 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் எட்ட இருந்தே எடுக்கலாம். செல்போன்தான் சிக்கல், அது முகத்தருகே போகச் சொல்லும். தள்ளி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் (1928–2023) நாய்களைப் பார்த்துக் குரைத்தே அவற்றைத் துள்ளவைத்தவர். தைரியசாலி நாய்களிடம் மட்டும் செல்லுபடியாகும் வித்தை அது.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் கண்கள் பச்சையாக எரியும். ஜன்னலோரமோ வராண்டா நிழலோ போதும். உட்கார்ந்திருக்கும் நாய்க்கு நொடியில் 500-ல் ஒரு பங்கு வேகம், ஓடினால் 1000-ல் ஒரு பங்கோ அதற்கு மேலோ. நீள முகத்தில் கண்ணும் மூக்கும் சேர்ந்து தெளிய எஃப் 5.6 அளவில் திறப்பு இருக்கலாம். வெள்ளை ராஜபாளையத்தைக் கேமரா தானாகக் கணக்கிட்டால் சாம்பலாக்கிவிடும். வெளிச்சக் கணக்கைச் சற்று ஏற்ற வேண்டும். கறுப்பு லாப்ரடாருக்குக் குறைக்க வேண்டும். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால், விசிலுக்குத் திரும்பாத நாயை அடம்பிடிப்பதாக நினைத்துவிடக் கூடாது. அதற்குக் கையசைவுதான் சரி.

நாய் எழுந்து போனால் அன்றைய படப்பிடிப்பு அத்தோடு முடிந்தது. இதுவரை கேமராவை லட்சியம் செய்யாத நாய் திடீரென ஒதுங்கத் தொடங்கினால், வலியோ பார்வைக் கோளாறோ இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.