டென்ஷனுக்கு ஒரு தட்டு!

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது கண்ணாடி பரம சாதுவாக இருக்கும். டிரைவர் கியர் மாற்றி, இன்ஜின் உறுமல் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு வந்ததும்... 'கிர்ர்ர்ர்'! மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தவன் பல் மாதிரி கிடுகிடுவென்று ஆடும். அடுத்த கியர் போட்டதும் கப்சிப்!

பிளஸ் டூவில் இதற்கு 'ஒத்ததிர்வு' என்று பெயர் வைத்து மார்க் போட்டார்கள். கண்ணாடிக்கென்று இயல்பாக ஒரு அதிர்வெண் உண்டு. இன்ஜினும் அதே எண்ணில் அதிர்ந்தால் கண்ணாடியும் கூடச் சேர்ந்து ஆடும். லேபில் இசைக்கவையை ரப்பரில் தட்டி, சுரமானிப் பெட்டி மேல் ஊன்றினால், கம்பியில் மடித்து உட்கார வைத்த துண்டுக் காகிதம் துள்ளி விழுமே... ஞாபகம் இருக்கிறதா? (ரப்பரை விட்டுவிட்டு மேஜை விளிம்பில் தட்டியதற்கு வாங்கின திட்டு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.)

அந்த இசைக்கவையைத்தான் இப்போது ஆபீஸ்காரர்களின் தோள்பட்டையில் ஊன்றுகிறார்கள். 'டியூனிங் ஃபோர்க் தெரபி'யாம். டென்ஷன் பறக்கும், இறுகிப்போன சதை இளகும், தூக்கம் சொக்கும் என்கிறார்கள்.

எனக்குப் பிரச்னை கழுத்தில். காலை ஒன்பதரை மணிக்குக் கம்ப்யூட்டரை முறைக்க ஆரம்பித்தால், சாயங்காலத்துக்குள் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கொய்யாக்காய் முளைத்துவிடும். மேனேஜர் கூப்பிட்டால் அது தேங்காய் ஆகிவிடும். தைலம், வெந்நீர் ஒத்தடம், சலூனில் கழுத்தைத் திருப்பி 'டக்' என்று சொடக்கு எடுப்பது (இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்) எல்லாம் பார்த்தாகிவிட்டது. நண்பன் ஒருத்தன் சொன்னான் என்று, சென்னையில் ஓர் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

மங்கலான விளக்கு. ஊதுவத்தி வாசனை. ஒரு அம்மணி, கன்னுக்குட்டியைக் கட்டிப் போடுகிற பதமான குரலில், "செல்போனை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க சார்... மூச்சை மெதுவா விடுங்க..." என்றார். இரண்டு நுனியிலும் உருண்டையாக எடை வைத்த கவை. அதைத் தட்டி, காம்பை என் தோளில் வைத்தார். 'ம்ம்ம்ம்...' காதால் கேட்கவில்லை, எலும்பால் கேட்டேன்! முதுகு, நெஞ்செலும்பு, கால் முட்டி என்று நாற்பத்தைந்து நிமிஷம். உள்ளதைச் சொல்ல வேண்டும்: சுகமாக இருந்தது. எழுந்தபோது கொய்யாக்காய் எலுமிச்சங்காய் ஆகியிருந்தது.

பில் 1,500 ரூபாய். எலுமிச்சை மறுபடி கொய்யா ஆக எடுத்துக்கொண்டது ஒன்றரை நாள்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். கிளம்பும்போது அம்மணி சொன்னதுதான் உறுத்தியது. "128 சதைக்கு, 432 பிரபஞ்சத்தோட அதிர்வெண், 528 உங்க ஜீனையே ரிப்பேர் பண்ணும்." மூன்றும் சேர்த்தால் பேக்கேஜ். தள்ளுபடி உண்டு.

என் ஜீன் என்ன ஸ்கூட்டரா, ரிப்பேருக்கு விட? புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

இசைக்கவையைக் கண்டுபிடித்தவர் ஜான் ஷோர். இங்கிலாந்து அரண்மனையில் ட்ரம்பெட் ஊதியவர். 1711-ல், வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கத்தான் இதைச் செய்தார். அப்போது ஊருக்கு ஊர் சுருதி வேறு. ஐரோப்பாவில் அடித்துக்கொண்டார்கள். 1859-ல் பிரான்ஸ் அரசாங்கம் 'ஏ' என்ற ஸ்வரத்துக்கு 435 என்று சட்டமே போட்டது. 1939-ல் லண்டனில் கூடிப் பேசி 440 என்றார்கள். ஆக, வாத்தியக்காரர்கள் சண்டை போடாமல் இருக்க மனுஷன் பேசி முடித்த கணக்கு இது. இடையில் 432 மட்டும் பிரபஞ்சத்திலிருந்து நேராக இறங்கி வந்துவிட்டதாம்! இன்னொன்றும் இருக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான். விநாடியின் அளவை வகுத்ததே நாம். பிரபஞ்சத்துக்கு ஏது வாட்ச்?

நம் ஊர்க் கதையைப் பாருங்கள். கர்நாடக சங்கீதத்தில் நிரந்தரச் சுருதி என்பதே கிடையாது. பாடுகிறவர் குரலுக்குத் தக்கபடி ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்று ஆதார ஷட்ஜத்தை வைத்துக்கொள்வார். நாகஸ்வரத்தில் திமிரிக்கு ஒரு சுருதி, பாரிக்கு ஒரு சுருதி. குறிப்பிட்ட ஒரு எண்தான் உடம்பைக் குணமாக்கும் என்றால், கோயில் வாசலில் கண்மூடி உட்கார்ந்து பாரி நாகஸ்வரத்தில் கரைந்து போனவர்கள் எல்லாம் ஏமாந்த சோணகிரிகளா?

சரி, 432-ஐயும் 528-ஐயும் விடுங்கள். தோளில் வைத்த 128 ஏன் சுகமாக இருந்தது?

இதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்கிறீர்கள்? அந்த இடத்தைப் பரபரவென்று தேய்க்கிறீர்கள். தொடுகையையும் அதிர்வையும் சுமந்து போகிற நரம்புச் சேதிகள், முதுகுத்தண்டு வாசலில் வலிச் சேதிக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் இதைக் 'கேட் கன்ட்ரோல்' கொள்கை என்று எழுதினார்கள். கூட்டமான டவுன் பஸ்ஸில் படியில் நிற்கிற காலேஜ் பையன்கள், பின்னால் வருகிறவரை ஏறவிடாமல் செய்கிற அதே டெக்னிக்தான்! அதிர்வு நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் வலி ஏறிக்கொள்கிறது.

அதே அதிர்வு சதையை இளக்குமா? இங்கே ஒரு தமாஷ். 1960-களில் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கருவி வைத்துத் தசைநாரைப் பலமாக அதிர வைத்துப் பார்த்தார்கள். தசை இளகவில்லை, தானாகவே இறுகியது! கவையின் அதிர்வு அவ்வளவு பலமில்லை, சில விநாடியில் அடங்கிவிடும் என்பதால் நாம் பிழைத்தோம்.

பின்னே என் எலுமிச்சங்காய்க்கு யார் காரணம்? என் தீர்ப்பு: முக்கால் பங்கு, செல்போனை ஆஃப் செய்து, மூச்சை மெதுவாக விட்டு, யாரும் 'ஃபைல் எங்கேய்யா?' என்று கேட்காமல் படுத்துக் கிடந்த நாற்பத்தைந்து நிமிஷம். மிச்சம் கால் பங்கைக் கவைக்குக் கொடுத்துவிடலாம். இசைக்கு மனசை அமர்த்துகிற குணம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன் இசை கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைவதாக, 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. நம் குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராகங்களின் சிகிச்சைக் குணத்தை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் நடத்தினார்.

காசே இல்லாமல் வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடுங்கள். யோகாவில் பிராமரி என்பார்கள். 2002-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டில் அளந்து பார்த்தார்கள். சும்மா மூச்சு விடும்போது மூக்கிலிருந்து வருவதைப் போல 15 மடங்கு நைட்ரிக் ஆக்ஸைடு, ரீங்காரம் போடும்போது வந்தது. இதனால் டென்ஷன் தீரும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் 'ம்ம்ம்' போட்டால் வெளிமூச்சு தன்னால் நீளும். மூச்சு நீண்டால் படபடப்பு அடங்கும். ஆபீஸில் மட்டும் வேண்டாம். மேனேஜர் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்வார்.

இத்தனை தெரிந்தும் ஆசை விடவில்லை. டாக்டர் சாமான்கள் விற்கிற கடையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு 128 வாங்கினேன்.

"டாக்டருங்களா சார்?"

"இல்ல... கழுத்து வலி."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இத டாக்டருங்க கால்ல வச்சுப் பாப்பாங்க சார், சுகர்காரங்களுக்கு" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மானாம்பதி போனேன். திண்ணையில் அப்பா. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. 'எல்லாம் கன்ட்ரோல்ல கீது' என்பார். வரப்பில் வெறுங்காலோடுதான் நடப்பார்.

"இன்னாடா அது, கரண்டி மாதிரி?"

"டென்ஷன் போற மருந்துப்பா" என்று தட்டி, முழங்கை எலும்பில் வைத்தேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, உள்ள வண்டு பூந்தா மாதிரி கீதே!" நெற்றியில் வைத்தேன், சிரித்தார். முட்டியில் வைத்தேன், 'ம்' என்றார். கணுக்காலில் கொஞ்சம் யோசித்தார். கட்டை விரல் எலும்பில் வைத்தேன்.

"வைடா."

"வச்சிட்டேம்ப்பா."

"வெளாடாத. தட்டிட்டு வை."

தட்டித்தான் வைத்திருந்தேன். என் விரலில் 'விர்ர்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். அடுத்த கால். அதேதான்.

கடைக்காரர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் ஓரம் ஒடிந்த முள், சுற்றிலும் சிவந்து ஈரமாக. "ரெண்டு நாளா தரையில கற கறயா இருக்கேன்னு பாத்தேன்" என்றாள் அம்மா, வாசல்படியில் நின்றபடி. அப்பாவுக்கு வலியே இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் எடுத்ததே ஒரு 128 கவை! பிறகு நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இங்க?" என்று கேட்டார். பாதி இடத்தில் அப்பா பதில் சொல்லவில்லை. நெடுநாள் சர்க்கரை, காலுக்குப் போகிற நீளமான நரம்புகளைத்தான் முதலில் அரிக்கிறது; அதிர்வு தெரியாமல் போவது அதன் அடையாளங்களில் ஒன்று. முள் குத்தினாலும் தெரியாது, புண் புரையோடினாலும் தெரியாது. விரல், பாதம் என்று எடுக்க வேண்டி வருவது இப்படித்தான். இந்தியாவிலேயே முதலாவதாக, 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம்.விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு ஆரம்பித்தார். இன்று நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அத்தனை பேர் கால் கட்டை விரலிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கவையை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

முள்ளை எடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும், வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது என்று உத்தரவு.

கவை இப்போது மானாம்பதியிலேயே இருக்கிறது. அப்பா அதைத் தட்டி, பேரப்பிள்ளைகள் நெற்றியில் வைத்து வித்தை காட்டுகிறார். புதுச் செருப்போடு கூடத்தில் 'சரக் சரக்' என்று நடக்கிறார். நாற்பது வருஷமாக வாசலிலேயே செருப்பை விட வைத்த அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

"இன்னாங்க, டாக்டரு சொன்னாரு, சரி. அதுக்குன்னு சாமி ரூமுக்குமா?"