லேசர் சிகிச்சை உங்கள் கண்ணுக்கு ஏற்றதா?

கடலூர், சிதம்பரம் பகுதி இளைஞர்கள் பலர், திருமணமோ வேலைத் தேர்வோ நெருங்கும்போது கண்ணாடியை விட்டுவிட எண்ணி லேசர் சிகிச்சையை நாடுகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆயினும் முடிவைக் கண்ணின் நிலையே தீர்மானிக்க வேண்டும். குறித்த நாள் அன்று.

கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. லேசிக் சிகிச்சையில் அதன் திசு சிறிதளவு செதுக்கப்படுகிறது. செதுக்கிய திசு மீண்டும் வளராது. ஆகவே மிக மெல்லிய கருவிழிக்கும், கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய்க்கும் இது ஏற்றதன்று. கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கம் இருப்பின் மறைக்காமல் கூறுங்கள்.

18 வயது நிறைந்திருக்க வேண்டும். பவர் ஓராண்டேனும் மாறாதிருக்க வேண்டும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருத்தல் நலம். கண் உலர்வு உடையோர் முதலில் அதற்கு மருத்துவம் பெற வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் உலர்வு மிகுவதுண்டு. கடற்காற்றிலும் வெயிலிலும் உழைப்போர் இதைக் கருத்திற்கொள்க. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. வேலைக்காகச் செய்துகொள்வோர், அப்பணியின் மருத்துவத் தகுதி விதிகள் இதை ஏற்கின்றனவா என முன்னரே அறிந்துகொள்ளுங்கள்.

காண்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றுமாதலால், மருத்துவர் கூறும் நாள்கள்வரை அதை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வாருங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள்.

பரிசோதித்தபின் மருத்துவர் “வேண்டா” என்றால், அவசரப்பட்டு வேறிடம் தேடாமல் காரணத்தைக் கேட்டறியுங்கள். அந்த மறுப்பு உங்கள் பார்வையைக் காப்பதற்கே.