எழுதியவர் ஒருவர், வாசித்தவர் இன்னொருவர்

மேற்கத்தேய செவ்வியல் இசையில் எழுதப்பட்ட சுரமே சட்டம் என்பார்கள். பெரிய பியானோக் கலைஞர்களே அதை மீறியிருக்கிறார்கள்.

சில மீறல்களுக்குக் காரணம் வாத்தியம். பீத்தோவன் 1798இல் வெளியிட்ட ஒப்பஸ் 10, இலக்கம் 3 சொனாட்டாவின் முதற்பகுதியில், மேலேறும் சுரங்கள் உச்சிக்கு வரும்போது ஒன்று விடுபட்டிருக்கும். அன்றைய ஐந்து ஸ்தாயிப் பியானோவில் அந்தக் கட்டையே இல்லை. இன்று பலர் அதைச் சேர்த்தே வாசிக்கிறார்கள். அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

விளாடிமிர் ஹொரோவிட்ஸ் செய்தது வேறு. முசோர்க்ஸ்கி 1874இல் எழுதிய 'கண்காட்சியில் ஓவியங்கள்' படைப்பில் கீழ்ச்சுரங்களைத் தடிப்பாக்கினார், புதிய சுரங்களைச் சேர்த்தார். 1947இல் அப்படியே ஒலிப்பதிவும் செய்தார். முசோர்க்ஸ்கி 1881இலேயே இறந்துவிட்டவர். யாரிடம் கேட்பது? ரக்மனினோவ் உயிரோடிருந்தார். தனது இரண்டாவது சொனாட்டாவின் 1913, 1931 வடிவங்களை ஹொரோவிட்ஸ் கலந்து வாசிக்க அவரே சம்மதித்தார்.

ஹொரோவிட்ஸின் முசோர்க்ஸ்கி எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் அதை மட்டுமே கேட்பவருக்கு, முசோர்க்ஸ்கி வேண்டுமென்றே வெறுமையாக விட்ட இடங்கள் தெரியவே வராது. மாற்றியவரின் பெயரும் இசைத்தட்டு உறையில் தெளிவாக இருக்கவேண்டும். ஸ்வியாட்டொஸ்லாவ் ரிக்டர் 1958இல் சோபியா மேடையில் வாசித்த பதிவையும் கேட்டுப்பாருங்கள். சில சுரங்கள் தவறியிருக்கும், சபையில் இருமல் கேட்கும். ஆனால் அவர் வேண்டுமென்று கூட்டியது ஒன்றுமில்லை.