'ஆர்கானிக்' போட்டதால் வெடித்த பீப்பாய்

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு நாள் கழித்து உள்ளே கையை விட்டால் சுடும். அசட்டையாக விட்டால் கருகும். சில நேரம் தானாகவே தீப்பிடிக்கும். ஆனால் பூமிக்கு அடியில் அணுக்கழிவு புதைக்கும் சுரங்கத்தில், ஒரு பீப்பாய்க்குள் தானாகச் சூடு கிளம்பி மூடி தெறித்தது என்று படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் ஒரு 'ஆர்கானிக்' பொருள் என்று தெரிந்ததும் இன்னும் ஆச்சரியம்.

அந்தச் சுரங்கம் அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அணுகுண்டு தயாரிப்பில் மிஞ்சிய புளூட்டோனியக் கழிவை 1999 முதல் அங்கே 655 மீட்டர் ஆழத்தில் இறக்குகிறார்கள். கையுறை, துணி, கருவிகள், காய்ந்த ரசாயன உப்பு இப்படிப் பலதும் உண்டு. (அணுமின் நிலையத்தில் எரித்து முடித்த எரிபொருள் இதில் சேராது. அது தனிக்கதை.)

இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுப்போன உப்புப் பாறை அது. உள்ளே தண்ணீர் ஓடியிருந்தால் உப்பு எப்போதோ கரைந்திருக்கும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மேலே இருக்கும் பாறையின் பாரத்தில் உப்பு மெல்ல நகரும். வெட்டிய அறை வருசா வருசம் சுருங்கி, கடைசியில் பீப்பாய்களைச் சுற்றி இறுகிவிடும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டு ஆகும் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

பிசகு நடந்தது பாறையில் இல்லை, சரக்கு கட்டிய இடத்தில். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் நைட்ரேட் உப்புக் கழிவைப் பீப்பாயில் அடைக்கும்போது, அதிலிருந்த நீரை உறிஞ்ச ஒரு பொருள் கலப்பார்கள். பூனை வளர்க்கும் வீடுகளில் அது மலம் கழிக்கத் தட்டில் கொட்டி வைப்பார்களே, அந்தப் பொடிதான். களிமண்ணில் செய்தது என்றால் எதோடும் வினை புரியாது. வேலைக் குறிப்பிலோ 'ஆர்கானிக்' பொடி என்று எழுதிவிட்டார்கள். 'இனார்கானிக்' என்று சொன்னது யார் காதிலோ 'அன் ஆர்கானிக்' என்று விழுந்திருக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, கோதுமையில் செய்த பொடி நூற்றுக்கணக்கான பீப்பாய்களுக்குள் போய்விட்டது.

நைட்ரேட் என்றால் ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும் சரக்கு. அதோடு கோதுமை சேர்ந்தால் தீனியும் காற்றும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி. எருக்குழியில் சூடு கிளப்புவது நுண்ணுயிர். இங்கே வெறும் ரசாயன வினை. 2014 பிப்ரவரி 14 இரவு ஒரு பீப்பாய் சூடேறி மூடி தெறித்தது. அந்த நேரம் சுரங்கத்தில் ஆள் இல்லை. ஆனாலும் கதிரியக்கத் தூசியில் கொஞ்சம் காற்றுப்போக்கி வழியாக வெளியே வந்து, மேலே வேலை பார்த்த 20-க்கும் மேற்பட்டவர்கள் உடம்பில் சிறிய அளவில் சேர்ந்தது. கிட்டத்தட்ட மூன்று வருசம் கழிவு இறக்குவது நின்று, 2017 ஜனவரியில்தான் மறுபடி தொடங்கியது.

இந்தச் சுரங்கம் 10,000 ஆண்டுக்குக் கழிவைக் காக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அத்தனை காலம் கழித்து வருகிற மனிதன் தெரியாமல் தோண்டிவிடக் கூடாது என்று 1990-களில் மொழியியலாளர், மானிடவியலாளர் எல்லாரையும் கூட்டி வைத்து யோசித்தார்கள். ஆங்கிலம், சீனம், அரபி, நவஹோ என ஏழு மொழிகளில் எச்சரிக்கைக் கற்கள் நடுவது திட்டம். பயமுறுத்தும் முகங்களைச் செதுக்கவும் யோசனை உண்டு. நூறு தலைமுறை தாண்டியும் புரிகிற மாதிரி எழுத இவ்வளவு பாடு. ஒரே காலத்தில், ஒரே ஆய்வகத்தில், ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு நடுவிலோ ஒரு சொல் தவறிப்போனது!

வெடித்த பீப்பாய் இருந்த அறையை, உள்ளே இருந்த கழிவோடு சேர்த்து 2015-ல் அடைத்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கற்களைச் சுரங்கத்தை மூடும்போதுதான் நடுவார்களாம்.