அலுவலகத்துக்குக் காப்பி அரைக்கும் கை மிஷின்: பார்த்து வாங்குவதும் பார்த்து விற்பதும்

(மணலூர்பேட்டை மொத்த மளிகை வியாபாரி ஒருவர் எழுதியது)



கமிஷன் மண்டி, கூட்டுறவு சங்கம், பள்ளி அலுவலகம் போன்ற இடங்களில் டீக்கடைக்கு ஆள் அனுப்புவதை விட்டு, தாங்களே பில்டர் வைத்துக் காப்பி போட்டுக்கொள்ள விரும்புகிறார்கள். "கொட்டையை அரைக்க நல்ல கை மிஷின் ஒன்று சொல்லுங்கள்" என்று மளிகைக் கடையில்தான் வந்து கேட்கிறார்கள். அப்போது நாம் சொல்லும் பதிலில் நம் வியாபாரமும் அடங்கியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு பேர் உள்ள அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு வேளை என்றால் தினம் 12 டம்ளர். டம்ளருக்குச் சுமார் 10 கிராம் என்று வைத்தால் 120 கிராம். மாதம் 25 வேலை நாளுக்கு 3 கிலோ, வருடத்துக்கு 36 கிலோ. வீட்டில் இரண்டு பேர் குடிப்பதற்கு அரைக்கும் மிஷின் இதில் பாதிகூட அரைக்காது. ஆகவே வீட்டுக்குப் போதுமான மிஷினை அலுவலகத்துக்குக் கொடுத்தால் அது தாங்காது.

தூளாகவே வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வறுத்த கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில வாரங்கள் மணம் நிற்கும். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. சில நாட்களிலேயே மணம் போய்விடும். மிக்சியில் அரைத்தால் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறதே தவிர ஒரே சீராக அரைப்பதில்லை. பாதி மாவாகிறது, பாதி நொய்யாக நிற்கிறது. மாவு பில்டரின் துளைகளை அடைக்கிறது, நொய்யிலிருந்து டிகாக்ஷன் இறங்குவதில்லை.

கை மிஷினுக்குக் கரண்டும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்ததை நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் கையால் சுற்றும் சாமானின் அருமை தெரியும்.

கை மிஷின் புதிய சரக்கு அல்ல. பிற்காலத்தில் மோட்டார் கார் செய்து பேர் பெற்ற பிரான்ஸ் நாட்டுப் பெஜோ கம்பெனி 1840-லேயே காப்பி மிஷின் செய்தது. மேஜை விளிம்பில் திருகி மாட்டும் வார்ப்பிரும்பு மிஷின்கள் நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் இருந்தன. அவை நீண்ட காலம் உழைத்ததற்குக் காரணம் கனமான உடம்பும், கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்களும்தான். இன்று வாங்கும்போதும் இவற்றையே பார்க்க வேண்டும்.

1. அரைக்கும் பல். உள்ளே சுழலும் கூம்பும் அதைச் சுற்றி நிற்கும் வளையமும் சேர்ந்துதான் கொட்டையை அரைக்கின்றன. கடினப்படுத்திய எஃகுப் பல் அலுவலகத்துக்கு ஏற்றது. பீங்கான் பல் துருப்பிடிக்காது, ஆனால் கொட்டையோடு சிறு கல் விழுந்தால் மூளி விழுந்துவிடும். வார்ப்பிரும்புப் பல்லும் நன்றாக உழைக்கும், தண்ணீர் மட்டும் படக்கூடாது.

2. நடுத்தண்டு. மேலும் கீழும் இரண்டு இடத்தில் தாங்கல் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் தாங்கும் தண்டு நாளாக ஆக ஆடும், தூளும் சீராக விழாது. கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புது மிஷினிலேயே ஆட்டம் இருந்தால் எடுக்காதீர்கள்.

3. நைஸ் மாற்றும் திருகு. வைத்த இடத்தில் நிற்க வேண்டும். நூறு சுற்றுச் சுற்றியபின் தானாகத் தளர்ந்திருந்தால் அந்த மிஷின் வேண்டாம்.

4. கொள்ளளவு. கையில் பிடித்து அரைக்கும் குழாய் வடிவ மிஷின் பலவற்றில் ஒரு தடவைக்கு 20 முதல் 30 கிராம்தான் கொள்ளும். 120 கிராம் அரைக்க நாலு முதல் ஆறு முறை நிரப்ப வேண்டும். ஒருவர், இருவருக்கு அது சரி. ஆறு பேருக்கு மேல் என்றால் மேஜையில் மாட்டுவதோ சுவரில் திருகுவதோதான் வசதி.

5. பிடிமானம். மேஜையில் மாட்டுவதென்றால் பலகையின் கனத்தை அளந்துவரச் சொல்லுங்கள். கவ்வியின் வாய் அதற்குப் போதாவிட்டால் மிஷின் திரும்பி வரும்.

6. கைப்பிடி. நீளமாக இருந்தால் சுற்றுவது எளிது. கைப்பிடி தண்டோடு சேரும் இடம் இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் முதலில் உடைவது அந்த இடம்தான்.

7. உதிரி பாகம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். பல், திருகு, கைப்பிடி மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று சரக்குத் தருபவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் எத்தனை அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

விலையை எப்படிப் பார்ப்பது? 1,200 ரூபாய் மிஷின் ஒரு வருடத்தில் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,800 ரூபாய் மிஷின், நடுவில் 800 ரூபாய்க்கு ஒரு முறை பல் மாற்றி, எட்டு வருடம் உழைக்கிறது. முன்னதற்கு வருடச் செலவு 1,200. பின்னதற்கு 700. இந்தக் கணக்கைத் துண்டுத்தாளில் போட்டுக் காட்டினால் வாடிக்கையாளர் விலை அதிகம் என்று தயங்கமாட்டார்.

விற்குமுன் அவர் எதிரிலேயே 20 கிராம் அரைத்துக் காட்டுங்கள். தூளை விரலிடையே தேய்த்தால் ரவையைவிட நைசாக இருக்க வேண்டும், ஆனால் மைதா போல் வழவழக்கக் கூடாது. பில்டருக்கு அதுதான் பதம்.

பராமரிப்பு சுலபம். வாரம் ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கொட்டையின் எண்ணெய் தங்கிச் சிக்கு வாடை வரும். மிளகு, தனியா அரைக்கக் கூடாது. கொட்டையை ஒரு தட்டில் பரப்பிக் கல் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

சிக்கரியை மிஷினில் போடச் சொல்லாதீர்கள். அது ஈரத்தை இழுத்துப் பல்லில் ஒட்டும். தூளாக வாங்கி, அரைத்த காப்பியோடு பிறகு கலக்கலாம். நாமே கலந்து பாக்கெட் போட்டு விற்பதானால், உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிப்படி அதில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

இனி நம் லாபத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் தோட்டக்காரர்கள் தங்கள் காப்பியைக் காப்பி போர்டின் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டும். அந்த முறை 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுவதும் சுதந்திர விற்பனை வந்தது. இன்று சிறு வியாபாரியும் நேராக வறுப்பவரிடம் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று புதுச் சரக்கு எடுக்கலாம்.

மிஷின் ஒரு முறைதான் விற்கும். கொட்டை மாதம் 3 கிலோ விற்கும். ஆறு மாதத்தில் உடையும் மிஷினை விற்றால், அந்த அலுவலகம் மறுபடி டீக்கடைக்கே போகும். மிஷினில் கிடைத்த சில்லறை லாபத்துக்காக வருடத்துக்கு 36 கிலோ கொட்டை வியாபாரத்தை இழந்தவர்களாவோம். ஆகவே விற்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு செட் பல்லைக் கடையில் இருப்பு வையுங்கள். பில்லில் தேதியும் மாடலும் எழுதிக் கொடுங்கள். ரிப்பேர் என்று கொண்டுவருபவரை உட்கார வைத்து, அன்றைக்கே சரிசெய்து அனுப்புங்கள். அவர் அடுத்த மாதச் சரக்குக்கும் நம் கடைக்கே வருவார்.