ஓய்வு சலுகையன்று, உரிமையே!

பெரிய வெள்ளி பிற்பகல். திருச்சிலுவை ஆராதனைக்காக ஆலயம் நிறைந்திருக்கின்றது. எனினும் நம் குடும்பங்கள் சிலவற்றில் ஓரிடம் வெறுமையாய்க் கிடக்கின்றது. புடவைக் கடையில் வேலை செய்யும் மகளோ, காரியாலயத்தில் கணக்கெழுதும் மகனோ வரவில்லை. ஏனென்று வினவினால், "இன்று கடை திறந்திருக்கின்றது, லீவு கேட்க அஞ்சினேன்" என்பதே பெரும்பாலும் விடையாகின்றது.

இவ்வச்சம் எங்கிருந்து பிறக்கின்றது? சட்டம் தருவது எது, முதலாளி தருவது எது என்று நாம் பகுத்தறியாமையிலிருந்தே பிறக்கின்றது.

இலங்கையில் பெரிய வெள்ளி பொது விடுமுறையாகும், வங்கிகளுக்கும் விடுமுறையாகும். ஆனால் தனியார் கடைகளும் காரியாலயங்களும் சம்பளத்துடன் கட்டாயமாக வழங்க வேண்டிய ஆண்டு விடுமுறைகள் எட்டு மட்டுமே. தைப்பொங்கல், பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு நாள், மே தினம், வெசாக் பூரணைக்கு மறுநாள், நபிகள் நாயகம் பிறந்த தினம், நத்தார் என்பனவே அவை. பெரிய வெள்ளி இவற்றுள் இல்லை, தீபாவளியும் இல்லை. இவ்வெட்டு நாள்களில் ஒன்றில் வேலை வாங்கினால், அவ்வாண்டு முடியுமுன் சம்பளத்துடன் மாற்று ஓய்வு நாள் அளிக்க வேண்டும். அன்றேல் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். பூரணைப் போயா தினத்தில் வேலை செய்தவருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் உரியது.

விடுமுறை நாள்களை வகுப்பது அரசின் சட்டமே என்பதை நம் மூத்தோர் அனுபவத்தால் அறிவர். 1966ஆம் ஆண்டு முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நிலையைப் பின்பற்றிய போயா நாள்களே ஓய்வு நாள்களாயின. ஞாயிறு வேலை நாளாகவும் பள்ளி நாளாகவும் மாறியது. ஆண்டவரின் நாளைக் காக்க விரும்பியோர் கடமைக்கும் தொழிலுக்கும் இடையே அல்லலுற்றனர். உலக வாணிபத்தோடு இந்த நாட்கணக்கு ஒத்துவரவில்லை. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் ஞாயிற்றை மீட்டளித்தது. பூரணை நாளும் விடுமுறையாக நிலைத்தது.

ஆயினும் கடை ஊழியருக்கு ஞாயிறு தானாகவே ஓய்வு நாளாகிவிடாது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரந்தோறும் ஒன்றரை நாள் ஓய்வு வேண்டுமென்கின்றது. அது எக்கிழமையென வரையறுக்கவில்லை. மேலதிக நேரம் நீங்கலாக வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் உழைத்தவருக்கு இவ்வோய்வு சம்பளத்துடன் உரியது.

அதே சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவு வழங்குகின்றது. முதலாண்டுச் சேவைக்குரிய லீவு, வேலையில் சேர்ந்த காலத்தைப் பொறுத்தது: மார்ச் முடிவுக்குள் சேர்ந்தவருக்கு 14, யூன் முடிவுக்குள் 10, செப்டெம்பர் முடிவுக்குள் 7, அதன்பின் 4 நாள்கள். அவற்றை அடுத்த ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். 14 நாள் லீவில் ஏழு நாள்களேனும் தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. உழைத்துக் களைத்தவர் தம் வீட்டாரோடு ஒரு வாரமேனும் கூடியிருக்கட்டும் என்பதன்றோ இதன் பயன்! இதற்கு மேலாக, நோய்க்கும் சொந்த அலுவல்களுக்குமென ஆண்டுக்கு 7 நாள் அமைய லீவும் உண்டு. முதலாண்டில் இரண்டு மாதச் சேவைக்கு ஒரு நாள் வீதம் அது கிடைக்கும். ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைப்போருக்கோ, அவ்வத் தொழிலின் சம்பளச் சபைத் தீர்மானங்கள் லீவை வகுக்கின்றன.

ஆகவே, பெரிய வெள்ளிக்கு லீவு கேட்கும் பிள்ளை பிச்சை கேட்கவில்லை. தனக்குரிய நாள்களுள் ஒன்றையே கேட்கின்றது. தவக்காலத் தொடக்கத்திலேயே எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளியும் மாற்று ஒழுங்கு செய்ய வசதியாயிருக்கும். சட்டம் தந்த லீவு தொடர்ந்து மறுக்கப்படுமாயின், தொழில் திணைக்களத்தின் அண்மைக் காரியாலயத்தில் முறையிடலாம்.

இனி, முதலாளிகளாயுள்ள நம்மவருக்கும் ஒரு சொல். 1891ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் ஓய்வை நீதியின் பாற்பட்டதாக எடுத்துரைத்தார். ஞாயிறு காலையில் முன்வரிசையில் முழந்தாளிடும் நாம், அதே வேளையில் நம் கடைக் கதவைத் திறக்கச் சொல்லி எவரை அனுப்பியிருக்கின்றோம்?

இன்னும் நெருங்கி நம் இல்லத்துக்குள்ளேயே நோக்குவோம். நம் சமையலறையில் பாத்திரம் துலக்கும் பணிப்பெண் மேற்சொன்ன கடை, காரியாலயச் சட்டத்துள் அடங்கார். அவருடைய ஓய்வு நாளை நம் மனச்சாட்சியே எழுத வேண்டியிருக்கின்றது. அடுத்த ஞாயிறு அவரும் தம் பிள்ளைகளோடு அமர்ந்து உணவருந்துவாரா? இவ்வினாவை இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோமாக.