மகளுக்கும் ஒரு ஸ்பேனர்

கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்றால், ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது மகன். டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பது மகள். உங்கள் தோட்டத்திலும் இப்படித்தானே?

வரும் ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். குழாய்க்குக் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள். அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அவள் கைபேசியில் பார்க்கட்டும். 40 விநாடி என்றால், விநாடிக்கு 5 லிட்டர். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது மோட்டார் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். வாய்க்காலில் வீணாவது தனிக் கணக்கு.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 40 விநாடி 55 ஆகியிருந்தால் காரணத்தையும் அவளே தேடட்டும். நீர்மட்டம் இறங்கியதா, ஃபுட் வால்வு அடைத்ததா, இம்பெல்லர் தேய்ந்ததா? பொறியியல் என்பது இதுதான்.

நான் பயிரியல் படித்தவன். கோனோவீடர் செயல்விளக்கம் ஒன்றில் கருவியைத் தள்ளிப் பார்த்த பெண்கள், "கைப்பிடி எங்கள் உயரத்துக்கு இல்லையே சார்" என்றார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. காலங்காலமாகக் களை எடுப்பவர்கள் பெண்கள். கருவியை வடிவமைக்கும் இடத்தில் அவர்கள் வீட்டுப் பெண் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

வேளாண் பொறியியல் நான்கு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கோவையிலும், திருச்சி மாவட்டம் குமுளூரிலும் கல்லூரிகள் உள்ளன. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். ஆகவே முடிவு எடுக்க வேண்டியது பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே. "பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு" என்று வேறு பிரிவில் சேர்த்துவிட்டால் அந்தக் கதவு அப்போதே மூடிவிடும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் வேளாண்மைப் பட்டப்படிப்புக்கும் வழி இருக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மைப் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அப்படிப் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பண்ணை இயந்திரச் செயல்விளக்கத்தில் ஒன்றையாவது மே மாத விடுமுறையில் வையுங்கள். பள்ளி நாளில் வைத்தால் பிள்ளைகள் வர முடியாது. அழைக்கும்போதே "மகளையும் கூட்டி வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.